யூனிட்டா, டன்னா? மணல் விலையை எந்த அளவில் ஒப்பிடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்-சாண்ட் (பாறையை உடைத்துத் தயாரிக்கும் மணல்), ஜல்லி ஆகியவற்றின் விலை பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு நாள் செய்தியில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. சில நாள் கழித்து வரும் செய்தியில் டன்னுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. இரண்டையும் படிக்கும் ஒருவர், விலை ஏறியதா இறங்கியதா என்று கூடச் சொல்ல முடியாது. கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த இரு அளவுகளுக்கும் இடையே உள்ள கணக்கைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். வீடு கட்டும் குடும்பங்கள் இந்தக் கணக்கு தெரியாமல் இழக்கும் பணம் சிறிதன்று.

யூனிட் என்பது நூறு கன அடி. கன மீட்டரில் சொன்னால் 2.83. இது இடத்தின் அளவு. டன் என்பது எடை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால், அந்தப் பொருள் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ நிற்கும் என்பது தெரிந்தாக வேண்டும். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் ஒரே எண் பொருந்தாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் மணல் விஷயத்தில், "ஒரு யூனிட் நாலரை டன்" என்ற ஒற்றை வாய்பாட்டை எல்லாப் பொருளுக்கும் எல்லாப் பருவத்துக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு வியாபாரம் நடக்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டடச் சுமைகளைக் கணக்கிடுவதற்காக வெளியிட்டுள்ள ஐ.எஸ். 875 தர ஆவணத்தின் முதல் பகுதியில், கட்டுமானப் பொருட்களின் எடைகள் தரப்பட்டிருக்கின்றன. அதன்படி காய்ந்த தூய மணல் ஒரு கன மீட்டருக்கு 1,540 முதல் 1,600 கிலோ. ஆற்று மணல் 1,840 கிலோ. ஈர மணல் 1,760 முதல் 2,000 கிலோ வரை. இவற்றை 2.83-ஆல் பெருக்கிப் பார்த்தால், ஒரே ஒரு யூனிட் மணல் 4.36 டன்னாகவும் இருக்கலாம், 5.66 டன்னாகவும் இருக்கலாம் என்று வருகிறது. இடைவெளி 1.3 டன். நாலரை டன் என்ற வாய்பாடு, காய்ந்த மணலுக்கு ஏறக்குறையச் சரி. மற்றவற்றுக்கு அது வெறும் பழக்கம்.

இதை விடச் சிக்கலான ஒன்று ஈரம். சிறிதளவு ஈரம் பட்ட மணல் உப்பும் என்பதைக் கொத்தனார்கள் நன்கு அறிவார்கள். மணல் துகள் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் படிந்து, துகள்களை ஒன்றையொன்று நெருங்க விடாமல் தள்ளி நிறுத்துகிறது. எடையில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு ஈரம் இருந்தால் போதும், மணலின் பருமன் கால் பங்கு வரை கூடிவிடும். பொடி மணலாக இருந்தால் இன்னும் கூடும். ஈரம் மேலும் மேலும் ஏறினால் இந்த உப்பல் குறைந்துகொண்டே வந்து, மணல் முழுவதும் நீரில் மூழ்கிய நிலையில் பழைய பருமனுக்கே திரும்பிவிடும். தர ஆவணத்தில் ஈர மணலுக்கு அதிக எடை போட்டிருப்பது நன்றாக நனைந்து இறுகிய மணலுக்கு. லாரியில் தளர்வாகக் கொட்டப்பட்டு லேசான ஈரத்தோடு வரும் மணல் அதற்கு நேர்மாறாகக் காய்ந்த மணலை விடவும் இலேசாக இருக்கும். ஈரம் என்றாலே எடை கூடும் என்று நினைத்து, யூனிட் கணக்கில் வாங்குபவர்கள் தங்களுக்கு லாபம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். காய்ந்த நிலையில் கன மீட்டருக்கு 1,600 கிலோ நிற்கும் மணல், ஐந்து சதவீத ஈரத்தில் கால் பங்கு உப்பினால், ஒரு கன மீட்டரில் உண்மையான மணல் 1,280 கிலோதான் இருக்கும். யூனிட்டுக்கு 3.62 டன். காய்ந்திருந்தால் 4.53 டன் கிடைத்திருக்கும். ஆக, வண்டி முழுதும் நிரம்பியிருந்தும், அளவு நாடாவில் ஓர் அங்குலமும் குறையாமலிருந்தும், ஐந்தில் ஒரு பங்கு மணல் வந்து சேரவில்லை. அதே மணலை எடைபோட்டு வாங்கியிருந்தால், ஆயிரம் கிலோவில் 952 கிலோ மணலும் 48 கிலோ நீரும் இருந்திருக்கும். இழப்பு ஐந்து சதவீதத்தோடு நின்றிருக்கும்.

விலையாக மாற்றினால் இது இன்னும் தெளிவாகும். எடுத்துக்காட்டுக்காக மட்டும், ஒருவர் யூனிட் 6,000 ரூபாய் என்றும், மற்றவர் டன் 1,400 ரூபாய் என்றும் விலை சொல்வதாக வைத்துக்கொள்வோம். நாலரை டன் வாய்பாட்டின்படி முதலாமவரின் விலை டன்னுக்கு ஏறத்தாழ 1,333 ரூபாய். அவர்தான் மலிவு என்று தோன்றும். இருவரின் மணலிலும் ஐந்து சதவீத ஈரம் இருந்து, முதலாமவரின் வண்டியில் அது கால் பங்கு உப்பியிருந்தால், அவரிடம் வாங்கும் உண்மையான மணல் டன்னுக்கு 1,655 ரூபாய் ஆகிறது. இரண்டாமவரின் மணலில் நீரைக் கழித்தாலும் 1,470 ரூபாய்தான். மலிவாகத் தோன்றிய விலைதான் அதிக விலை. இந்தக் கணக்கில் யாரும் பொய் சொல்லவில்லை, அளவைத் திருத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நேர்மையான வியாபாரியிடமே இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்றால், டிப்பர் பெட்டியின் அடியில் பலகை போட்டு உயரத்தைக் கூட்டிக் காட்டுபவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

உப்பலைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வந்திறங்கிய மணலைத் தளர்வாகப் போட்டு உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மணலை வெளியே எடுத்து, பாத்திரத்தில் பாதி நீர் ஊற்றி, அதே மணலைச் சிறிது சிறிதாக அதில் போட்டுக் கிளறிப் படிய விட வேண்டும். முதலில் 20 சென்டிமீட்டர் நின்ற மணல் இப்போது 16 சென்டிமீட்டர் நின்றால், உப்பல் 25 சதவீதம். ஐ.எஸ். 2386 மூன்றாம் பகுதியில் 1963-ஆம் ஆண்டிலிருந்தே இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. லோடு இறங்கிய இடத்திலேயே கால் மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய இந்தச் சோதனையைத் தனியார் வீட்டு வேலைகளில் செய்து நான் பார்த்தது அரிது.

வாங்கும்போது ஏற்படும் இந்தப் பிழை, கலவை போடும்போதும் தொடர்கிறது. சிமெண்ட் எடையில் வருகிறது. மூட்டை 50 கிலோ. மணலும் ஜல்லியும் பெட்டியிலோ சட்டியிலோ பருமனாக அளக்கப்படுகின்றன. கன மீட்டருக்கு 1,440 கிலோ என்ற கணக்கில் ஒரு மூட்டை சிமெண்டின் பருமன் ஏறத்தாழ 35 லிட்டர் என்பதால்தான், மணல் அளக்கும் பெட்டியையும் 40 சென்டிமீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம் என்று 35 லிட்டருக்குச் செய்வார்கள். எடையையும் பருமனையும் இணைத்த அருமையான ஏற்பாடு இது. ஆனால் மணல் காய்ந்திருக்கும் வரைதான் அது செல்லும். கால் பங்கு உப்பிய மணலை அந்தப் பெட்டியில் ஐந்து முறை அளந்து போட்டால், உள்ளே செல்வது நான்கு பெட்டி மணல்தான். ஒன்றுக்கு ஐந்து என்று நினைத்துக் கலந்த பூச்சு, உண்மையில் ஒன்றுக்கு நான்காக இருக்கும். சிமெண்ட் கூடினால் நல்லதுதானே என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். சிமெண்ட் வீணாவது ஒரு புறம் இருக்க, சிமெண்ட் மிகுந்த பூச்சு காயும்போது அதிகமாகச் சுருங்கி, சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். பெரிய கலவை நிலையங்களில் எல்லாப் பொருளையும் எடையிலேயே அளந்து, மணலின் ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரைக் குறைக்கிறார்கள். சிறிய வேலைகளில் குறைந்தது உப்பலுக்கு ஏற்பப் பெட்டிக் கணக்கையாவது கூட்ட வேண்டும்.

ஜல்லியில் ஈரம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அங்கே பிரச்சினை வேறு. கருங்கல் பாறையாக இருக்கும்போது ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.65 டன். அதை உடைத்து முக்கால் ஜல்லியாகவோ ஒன்றரை ஜல்லியாகவோ ஆக்கியபின், கற்களுக்கு இடையே வெற்றிடம் வந்துவிடுவதால், ஒரு கன மீட்டர் ஏறத்தாழ ஒன்றரை டன்தான் நிற்கும். அதாவது குவாரியில் ஒரு கன மீட்டராக இருந்த பாறை, லாரியில் ஏறும்போது ஒன்றேமுக்கால் கன மீட்டராக வளர்ந்துவிடுகிறது. கன மீட்டர் என்று வெறுமனே சொன்னால், பாறையின் கன மீட்டரா ஜல்லியின் கன மீட்டரா என்ற கேள்வி எழாமல் இருக்காது. டன்னுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாறையாக இருந்தாலும் ஜல்லியாக இருந்தாலும் தூளாக இருந்தாலும் ஒரு டன் ஒரு டன்தான்.

குவாரிக் கனிமங்களை வெட்டி எடுப்பதற்காக அரசுக்குச் செலுத்தும் சீனியரேஜ் கட்டணத்தைக் கன மீட்டர் அடிப்படையிலிருந்து டன் அடிப்படைக்குத் தமிழக அரசு மாற்றியபோது, 2025 ஏப்ரலில் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கட்டணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் தரப்பு நியாயம் அவர்களுக்கு இருக்கலாம். அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அளவை டன்னுக்கு மாற்றியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். வருத்தம் என்னவென்றால், அரசுக்குச் செல்லும் பணம் டன்னில் கணக்கிடப்படும் அதே சரக்கு, வீட்டுக்காரரிடம் வரும்போது பழையபடி யூனிட்டாகிவிடுகிறது. நடுவில் உள்ள மாற்றுக் கணக்கு யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்கே அந்த இடைவெளியின் லாபமும் போகிறது.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்பதே வேடிக்கை. நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கின. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. எந்தப் பொருளுக்கும் விலை சொல்வதோ, விலைப்பட்டியல் வெளியிடுவதோ, பில் போடுவதோ தர அளவுகளில் மட்டுமே இருக்க வேண்டும், வாய்வார்த்தையாகக் கூட வேறு அளவில் விலை கூறக் கூடாது என்று அதன் 11-ஆவது பிரிவு சொல்கிறது. கன அடியும் யூனிட்டும் தர அளவுகள் அல்ல. காய்கறிக் கடையில் தராசு முத்திரை காலாவதியானால் அபராதம் போடப்படுகிறது. பல லட்சம் ரூபாய்க்கு மணல் வாங்கும் இடத்தில் அளவே சட்டத்துக்குப் புறம்பானதாக இருப்பதை யாரும் கேட்பதில்லை.

வேறு பொருட்களில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டு, பதிலும் கிடைத்திருக்கிறது. சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் என்பதோடு 910 கிராம் என்ற எடையும் அச்சாகியிருக்கும். எண்ணெய் சூடானால் விரியும் என்பதால், அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு ஒரு லிட்டர் என்று போட்டு எடையைக் குறைத்த நிறுவனங்கள் இருந்தன. 21 டிகிரியில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 919 கிராம் இருக்கும்போது, 60 டிகிரியில் அது 893 கிராம்தான். இதைக் காரணம் காட்டியே, வெப்பநிலையைப் போடாமல் பருமனையும் எடையையும் சரியாக அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. அங்கே பேச்சு இருபத்தாறு கிராம் பற்றியது. மணலில் பேச்சு யூனிட்டுக்கு ஒரு டன் பற்றியது.

நெல்லின் கதையும் நாம் அறிந்ததே. கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு வரும் விவசாயியிடம் ஈரப்பதமானி வைத்துச் சோதித்து, 17 சதவீதத்துக்கு மேல் போனால் களத்தில் காயவைத்துக் கொண்டு வரச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் இந்த வரம்பைத் தளர்த்துங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் மாநில அரசு மத்திய அரசைக் கேட்க வேண்டியிருக்கிறது. தானியத்துக்கு ஈரம் பார்ப்பதில் தவறில்லை; எடையில் வாங்கும் எந்தப் பொருளுக்கும் ஈரம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கழுவிய கையோடு நீர் சொட்டச் சொட்ட எடைமேடை ஏறும் எம்-சாண்டுக்கு மட்டும் அந்தச் சோதனை ஏன் இல்லை? அதில் பத்து சதவீத ஈரம் இருந்தால், பத்து டன் பில்லில் 900 கிலோவுக்கு மேல் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். டன்னுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ஈரம் குறிப்பிடப்படாத டன் கணக்கும் அரைகுறைக் கணக்குதான்.

கம்பி விஷயத்தில் மக்கள் ஓரளவு விழிப்பாக இருக்கிறார்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும் என்பது கம்பி கட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரியும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. ஐ.எஸ். 1786 அந்தத் தடிமனுக்கு ஐந்து சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிப்பதால், எண்ணிக்கையில் வாங்குவதை விட எடைபோட்டு வாங்குவதே நல்லது. மணலுக்கும் இதைப் போல ஓர் எளிய வாய்பாடு எல்லோர் வாயிலும் இருந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. ஈரம் இருக்கும் வரை மணலுக்கு அப்படி ஒன்று அமைவது கடினம்.

டன்னில் வாங்க விரும்புபவர்களுக்குச் சாலைப் பாதுகாப்பு பற்றிய ஒரு பயனும் உண்டு. மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வண்டியின் சொந்த எடை பத்து டன் என்று வைத்தால், 18.5 டன் சரக்கு ஏற்றலாம். காய்ந்த மணல் நான்கு யூனிட் 18.1 டன், சரியாக அடங்கும். ஐ.எஸ். 875 சொல்லும் ஆற்று மணல் எடையில் நான்கு யூனிட் என்றால் 20.8 டன், வரம்பை இரண்டு டன்னுக்கு மேல் மீறுகிறது. நான்கு யூனிட் என்று கூசாமல் பில் எழுதப்படும் வண்டி, ஒன்று பாரம் மிஞ்சியதாக இருக்க வேண்டும், அல்லது நான்கு யூனிட் இல்லாததாக இருக்க வேண்டும், அல்லது உப்பிய மணலாக இருக்க வேண்டும். எது என்பதை எடைமேடைச் சீட்டு ஒன்றே சொல்லும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. மணல், எம்-சாண்ட், ஜல்லி விற்பனைப் பில்லில் டன்னும் கன மீட்டரும் இரண்டும் எழுதப்பட வேண்டும். சரக்கைக் கொண்டு செல்வதற்கான அனுமதியான நடைச்சீட்டில் உள்ள அளவும் பில்லில் உள்ள அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வெற்று வண்டியின் எடையும் சரக்கு ஏற்றிய வண்டியின் எடையும் நேரத்தோடு அச்சான சீட்டை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். கழுவிய எம்-சாண்டுக்கு ஈரப்பதத்தைக் குறிப்பிடுவது கட்டாயமாக வேண்டும். எடைமேடைகளுக்கு ஆண்டுதோறும் முத்திரையிடும் பொறுப்பு தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் இருப்பதால், கிரஷர் வளாகங்களில் உள்ள மேடைகளையும் யூனிட் கணக்கில் விலைப்பட்டியல் ஒட்டும் விற்பனை நிலையங்களையும் அந்தத் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் ஒருசேர ஆய்வு செய்யலாம். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவைப்படாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. விலைச் செய்திகளில் யூனிட் விலையைத் தரும்போது, அது எந்தப் பொருள், டன் கணக்கில் எவ்வளவு, காய்ந்த நிலையிலா ஈர நிலையிலா என்பதையும் சேர்த்து அச்சிட்டால், சேலத்து விலையையும் மதுரை விலையையும் ஒப்பிட்டு எங்கே வாங்குவது என்று முடிவு செய்ய வாசகர்களால் இயலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
திருச்சிராப்பள்ளி